ஐந்நூறு கிலோமீட்டர்ப் பிடிவாதம்

மின்சாரக் காரைப் பற்றி நம் நாட்டில் நடக்கிற சம்பாஷணைகள், எங்கே ஆரம்பித்து எந்த வழியாகச் சுற்றி வந்தாலும், இறுதியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன: “ஃபுல் சார்ஜுக்கு எவ்வளவு போகும்?” பதிலாக வரும் எண் ஐந்நூறுக்குக் குறைந்தால் கேட்டவர் உதட்டைப் பிதுக்குகிறார், ஐந்நூறு என்று விளம்பரம் செய்யப்பட்ட கார் சாலையில் முந்நூற்றைம்பதோடு நின்றுவிட்டதாக யாரேனும் சொல்லக் கேட்டால், அதைப் பச்சை மோசடி என்று தீர்ப்பளிக்கிறார். இந்த இரண்டு மனக்குறைகளும் ஒன்றோடொன்று கலந்து, ஒரே சார்ஜில் நிஜமாகவே ஐந்நூறு கிலோமீட்டர் ஓடாத மின்சாரக் கார் முழுமையான கார் ஆகாது, அப்படிப்பட்ட கார் மலிவான விலைக்கு வரும்வரை காத்திருப்பதே விவேகம் என்னும் ஓர் அபிப்பிராயமாக இறுகி, படித்தவர் பாமரர் என்ற பேதமின்றி இன்று எல்லோரிடமும் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. இந்த அபிப்பிராயம் தவறானது என்பதும், இதனால் வாங்குகிறவருக்குப் பணமும் மற்றவர்களுக்கு வேறு பலவும் நஷ்டமாகின்றன என்பதும் என் கட்சி.

மோசடி என்னும் குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் அதில் பாதி நியாயம் இருக்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் நாம் காணும் அந்த எண் சாலையில் பிறந்ததன்று; புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற பரிசோதனை ஸ்தாபனங்களில் பிறந்தது. அங்கே காரின் சக்கரங்கள் தரையில் பதித்த உருளைகளின்மேல் சுழல, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. எதிரே உள்ள திரையில் எந்த விநாடியில் எந்த வேகம் இருக்கவேண்டும் என்று ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்க, ஓட்டுபவர் அந்தக் கோட்டைவிட்டு இம்மியும் விலகாமல் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதும் விடுவதுமாக இருக்கிறார். எம்.ஐ.டி.சி. என்று வழங்கும் அந்தக் கோடு, ஐரோப்பாவில் பல்லாண்டு வழக்கில் இருந்து 2017 முதல் படிப்படியாகக் கைவிடப்பட்ட ஒரு பழைய சுழற்சியை நம் சாலைகளுக்கேற்பச் சாந்தப்படுத்தி அமைத்தது. அதன் முற்பகுதி மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டாத நகர ஓட்டம். பிற்பகுதி ஊருக்கு வெளியே ஓடும் ஓட்டமென்று பெயர் பெற்றிருந்தாலும் அதன் உச்ச வேகம் 90 கிலோமீட்டர்தான். அந்த ஓட்டத்தில் ஏசி கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, மேடு பள்ளம் கிடையாது, பின்சீட்டில் பாட்டியும் டிக்கியில் அரிசி மூட்டையும் கிடையாது. சில வருஷங்களுக்கு முன்புவரை முற்பகுதி ஓட்டத்தின் எண்ணையே எடுத்துப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இப்போது இரு பகுதிகளையும் சேர்த்த எண் விளம்பரங்களில் இடம்பெறுகிறது. இது திருத்தமே தவிர பரிகாரம் அன்று.

ஆனால் இப்படிக் கிடைத்த எண்ணைப் பொய் என்று சொல்லலாமா? குறிப்பிட்ட நிபந்தனைகளின்கீழ் இன்னின்ன கார் இவ்வளவு ஓடிற்று என்பது உண்மை. அந்த நிபந்தனைகள் எல்லாக் கார்களுக்கும் ஒன்றே என்பதால், ஒரு காரை மற்றொரு காரோடு ஒப்பிடுவதற்கு அந்த எண் பயன்படும் என்பதும் உண்மை. லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் என்று சான்றிதழ் பெற்ற பெட்ரோல் கார், அண்ணாசாலை நெரிசலில் பதின்மூன்றோ பதினான்கோ கொடுப்பதை நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். அதற்காக எவரும் கொடி பிடித்ததில்லை. “கம்பெனி சொல்றது கம்பெனி மைலேஜ் சார், ரோட்டு மைலேஜ் வேற” என்று மெக்கானிக் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அதே சோதனைக் கூடத்தில் அதே முறையில் அளந்த எண் மின்சாரக் காரின் முதுகில் ஏறியவுடன் மட்டும் மோசடியாகிவிடுவது எந்த நியாயத்தால் என்று எனக்கு விளங்கவில்லை.

இதனால் கம்பெனிகளை நான் குற்றமற்றவர்களாக்கிவிடவில்லை. தென்கொரியாவின் வர்த்தக நியாய ஆணையம், குளிர்காலத்தில் தூரம் வெகுவாகக் குறையும் என்பதை வாங்குவோருக்குத் தெரிவிக்காமல் விளம்பரம் செய்ததற்காக, 2023 ஜனவரியில் டெஸ்லா நிறுவனத்துக்கு 285 கோடி வோன் அபராதம் விதித்தது. அது விதிக்கவேண்டிய அபராதமே. மறுபக்கத்தில், டாடா நிறுவனம் 2024-இல் கர்வ் காரை வெளியிட்டபோது, அதன் பெரிய பேட்டரி வண்டிக்குச் சான்றிதழ் எண் 585 என்றும், வாடிக்கையாளரில் முக்கால்வாசிப் பேர் நடைமுறையில் எதிர்பார்க்கக்கூடியது 400 முதல் 425 வரை என்றும் தன் வாயாலேயே சொல்லிற்று. ஓசூரில் ஸ்கூட்டர் செய்யும் ஏதர் நிறுவனமும் நெடுநாளாகவே சான்றிதழ் எண் ஒருபுறம், நடைமுறைத் தூரம் ஒருபுறம் என்று இரண்டையும் சேர்த்தே வெளியிட்டு வருகிறது. ஆகவே ஒளிக்காமல் சொல்ல முடியும் என்பது நிரூபணமான விஷயம். எல்லோரும் அப்படிச் சொல்லும்படி சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்று கேட்பது நியாயம். நகரத்தில் ஏசியோடு இவ்வளவு, நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏசியோடு இவ்வளவு என்ற இரண்டு எண்களையும் சான்றிதழ் எண்ணுக்குச் சமமான எழுத்தில் அச்சிடச் சொல்லட்டும். முதற் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் அவ்வளவு நேர்மையான விளம்பரம் வந்த பிறகும் நம்மவர் மனம் ஆறப்போவதில்லை; காரணம், அவர்களுடைய குறை அச்சிட்ட எண் பொய் என்பதில் இல்லை, உண்மையான எண் சிறியது என்பதில் இருக்கிறது.

அந்த எண் ஏன் இவ்வளவு சஞ்சல சுபாவம் உடையதாக இருக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். ஒரு கிலோவாட்-மணி என்பது நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே ஒரு யூனிட்தான். இன்று நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய மின்சாரக் காரின் பேட்டரியில் 45 யூனிட் போலக் கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் இருக்கும் சக்தி ஏறக்குறைய ஒன்பது யூனிட். அதாவது, மின்சாரக் கார் ஐந்தே லிட்டர் பெட்ரோலுக்குச் சமமான சக்தியை மடியில் கட்டிக்கொண்டு முந்நூறு கிலோமீட்டர் செல்கிறது. பெட்ரோல் காரோ நாற்பது லிட்டரைச் சுமந்து சென்று, அதன் சக்தியில் முக்கால் பங்கை வெப்பமாகச் சாலையில் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ஓடுகிறது. ஊதாரியின் வீட்டில் பத்து ரூபாய் கூடச் செலவானால் எவருக்கும் தெரியாது. சிக்கனக்காரன் கணக்கில் ஒரு ரூபாய் கூடினாலும் பளிச்சென்று தெரியும். மின்சாரக் காரின் தூரம் வேகத்துக்கும் வெயிலுக்கும் ஏற்றத்துக்கும் தக்கபடி ஏறி இறங்குவது அதன் பலவீனமன்று. வீணாக்கும் குணம் அதனிடம் இல்லாததன் அடையாளம்.

வேகத்தையே எடுத்துக்கொள்வோம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக வளர்வது. 80-இல் செல்லும் கார் 120-ஐத் தொட்டால் காற்று அதை இரண்டேகால் மடங்கு பலத்தோடு பிடித்துத் தள்ளுகிறது. ஆகவே, 90 கிலோமீட்டர் வேகத்தில் நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து யூனிட் செலவழிக்கும் கார், 120-இல் இருபதையும் தாண்டிச் செலவழிக்கும். முந்நூறு கிலோமீட்டர் போகவேண்டியது இருநூறைக் கடந்த சிறிது நேரத்தில் படுத்துவிடும். வலது கால் செய்யும் வினையை பேட்டரியின் தலையில் கட்டுவதில் நியாயமில்லை. ஏசியின் கணக்கு இதற்கு நேர் தலைகீழானது. அதற்கு மணிக்கு ஒன்றரை யூனிட் என்று வைத்துக்கொண்டால், 90 கிலோமீட்டர் வேகத்தில் நூறு கிலோமீட்டரைக் கடக்க ஒன்றே முக்கால் யூனிட்டுக்குள் ஆகும். வடபழனியிலும் கோயம்பேட்டிலும் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் அதே நூறு கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம், ஏழரை யூனிட். நகரத்தில் தூரத்தைத் தின்பது சாலையன்று, கடிகாரம்.

மலை ஏறுவதைப் போல இந்த விஷயத்தைக் கண்முன் காட்டுவது வேறொன்றும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியே உதகைக்கு ஐம்பது கிலோமீட்டர். உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,900 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள ஒரு காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே, பௌதிக நூல் கணக்குப்படி, ஒன்பது யூனிட்டுக்கு மேல் வேண்டும். உருண்டு செல்வதற்கும் மோட்டாரில் வீணாவதற்கும் சேர்த்தால் பதினைந்து பதினாறு யூனிட் போய்விடும். கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும், டாஷ்போர்டில் ‘மீதித் தூரம்’ என்று மின்னும் எண் சாலையின் கிலோமீட்டர்க் கற்களைவிட வேகமாக இறங்கத் தொடங்குகிறது. ஏனென்றால் அந்தக் கருவி வருங்காலத்தை அறியாது. கடைசியாகச் செலவான கணக்கை வைத்து மீதியை வகுத்துச் சொல்வது ஒன்றே அதன் வித்தை. உதகை போய்ச் சேரும்போது பேட்டரியில் இருபத்தொன்பது யூனிட் இருந்தும், கருவி தொண்ணூறு கிலோமீட்டர் என்கிறது, முன்சீட்டில் அமர்ந்த மாமனார், “மாப்பிள்ளே, இறங்குறதுக்காவது தேறுமா?” என்று கேட்கிறார். மறுநாள் இறங்கும்போதோ, காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியைப் பிடித்து நிறுத்த, அடிவாரம் வந்து சேரும்போது பேட்டரி முன்னிருந்ததைவிடப் பத்து சதவீதம் கூடி இருக்கிறது. பெட்ரோல் கார் இறங்கி வந்ததற்காக எந்த பங்க்காரனும் டாங்கில் நாலு லிட்டர் ஊற்றிக் கொடுத்ததில்லை. பழக்கப்பட்டவர்கள் அறிந்த ஒரு நுட்பமும் இதில் உண்டு: உதகை ஓட்டலில் இரவெல்லாம் செருகிவைத்து நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால், வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது, மலைச்சாலை முழுதும் பிரேக்கையே நம்பவேண்டியதாகும். நிரம்பி வழியும் பேட்டரியே எப்போதும் நல்லது என்று நினைப்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது.

இனி, அந்த ஐந்நூறு என்பது எங்கிருந்து வந்தது? எந்தத் தேவையையும் அளந்து பார்த்து அதை யாரும் நிர்ணயித்ததாகத் தெரியவில்லை. 2001-இல் பெங்களூரில் பிறந்த ரேவா காரின் தூரம் 80 கிலோமீட்டர். 2010-இல் வந்த முதல் நிசான் லீஃபுக்கு அமெரிக்க அரசாங்கம் அளித்த எண் 117. 2019-இல் இந்தியாவுக்கு வந்த ஹூண்டாய் கோனாவின் சான்றிதழ் எண் 452. 2025-இல் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த மின்சாரக் கிரெட்டாவின் பெரிய பேட்டரிக்கு 473. மகிந்திராவின் பெரிய பேட்டரி வண்டியோ 680-ஐக் கடந்துவிட்டது. ஒவ்வொரு படியிலும் ‘இன்னும் கொஞ்சம்’ என்ற குரல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஐந்நூறும் கிடைத்துவிட்டால், இந்தக் காத்திருப்போர் சங்கம் கலைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. எழுநூறு என்று பெயர்ப் பலகையை மாற்றி எழுதிக்கொள்ளும்.

பெட்ரோல் டாங்கின் பழக்கம் நம் புத்தியில் ஆழப் பதிந்துபோனதே இதற்கு மூலகாரணம் என்பது என் துணிபு. வழித்தெடுக்கும்வரை ஓட்டுவது, பிறகு பங்க் தேடிப் போய் ஒரேயடியாக நிரப்புவது என்பதே வண்டியோட்டும் தர்மம் என்று நாம் நினைக்கிறோம். வீட்டு வாசலில் ஒரு பதினைந்து ஆம்பியர் பிளக் இருப்பவருக்கு இந்தத் தர்மம் செல்லாது. இரவு பத்து மணிக்குச் செருகிக் காலை ஆறு மணிக்கு எடுத்தால், மணிக்கு மூன்று யூனிட் வீதம் இருபத்துநான்கு யூனிட் ஏறிவிடும். அது நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் காணும். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிற குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஆகும் சராசரி ஓட்டம் முப்பத்துமூன்று கிலோமீட்டர். அவர்களுடைய காரில் ஐந்நூறு கிலோமீட்டருக்கான பேட்டரியை வைப்பது, வருஷத்தில் ஒரு நாள் வரும் கல்யாண விருந்தை உத்தேசித்து, முந்நூற்றறுபத்தைந்து நாளும் அண்டாவில் உலை வைப்பதற்கு ஒப்பாகும்.

“உள்ளூருக்குச் சரி; வெளியூருக்கு?” என்ற கேள்வி உடனே வரும். அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காமல் கணக்கிட்டே பார்த்துவிடுவோம். சென்னையிலிருந்து திருச்சி 330 கிலோமீட்டர். 45 யூனிட் பேட்டரி, 90 கிலோமீட்டர் வேகம், ஏசி ஓடுகிறது, நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து யூனிட். அதிகாலையில் நிறைந்த பேட்டரியோடு புறப்பட்டு, உளுந்தூர்பேட்டையை நெருங்கும்போது ஏறக்குறைய முப்பது யூனிட் செலவாகிப் பதினைந்து மிச்சம் இருக்கும். திருச்சிக்கு மீதமுள்ள 130 கிலோமீட்டருக்கு இருபது யூனிட். ஆபத்துக்கு ஐந்து யூனிட் கைவசம் வேண்டும். ஆக, வழியில் ஏற்றிக்கொள்ளவேண்டியது பத்து யூனிட். 60 கிலோவாட் சார்ஜரில், அது பெயருக்கேற்ற முழு வேகத்தில் கொடுக்காமல் மணிக்கு நாற்பது யூனிட் வீதம் கொடுத்தாலும், இதற்குப் பதினைந்து நிமிஷம் போதும். இந்தச் சாலையில் அரசுப் பேருந்தானாலும் ஆம்னி பேருந்தானாலும் எங்கோ ஒரு மோட்டலில் இருபது நிமிஷம் நிற்காமல் திருச்சி போய்ச் சேர்ந்ததை நான் கண்டதில்லை; சிறு குழந்தையையும் சர்க்கரை வியாதிக்காரரையும் உடன் அழைத்துச் செல்லும் குடும்பக் கார் நிற்காமல் போகும் என்று சொல்பவர் குடும்பத்தோடு பிரயாணம் செய்து பழகாதவராக இருக்கவேண்டும். மதுரைக்குப் போகிறவருக்கு 460 கிலோமீட்டர்; அவர் வழியில் ஏற்றவேண்டியது முப்பது யூனிட்டுக்குள் அடங்கும்; அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும்; அது இட்லி சாப்பிட்டுக் கை கழுவும் நேரம்.

இப்போது அந்தப் பதினைந்து நிமிஷத்தையும் மிச்சப்படுத்துவதற்காக ஒருவர் 45 யூனிட்டுக்குப் பதில் 75 யூனிட் பேட்டரி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலான முப்பது யூனிட்டின் எடை இருநூறு கிலோவை ஒட்டி வரும். உலகச் சந்தையில் 2024-இல் ஒரு யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியின் சராசரி விலை 115 டாலர். முப்பது யூனிட்டுக்கு நம் பணத்தில் ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய், அதுவும் கம்பெனியின் லாபமும் வரியும் சேராமல். வருஷத்தில் மூன்று நான்கு முறை வழியில் நிற்காமல் போவதற்காக, மற்ற நாள்களில் எல்லாம் காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும்போது, மூன்று மனிதர்களை டிக்கியில் ஏற்றிக்கொண்டு சுற்றுவதற்கு மூன்று லட்சம் கொடுக்கிறோம். டயர் சீக்கிரம் தேய்கிறது. இடித்தால் எதிராளிக்கு அடி பலமாக விழுகிறது. இந்த ஆசையின் உச்ச வடிவம் எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள், அமெரிக்காவில் ஜி.எம்.சி. நிறுவனம் விற்கும் மின்சார ஹம்மரைப் பார்க்கலாம். ஒரு சார்ஜில் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடும். வண்டியின் எடை நான்கு டன்னைத் தாண்டும். அதன் பேட்டரி மாத்திரமே நம் ஊர் மாருதி ஸ்விஃப்ட் ஒன்று முழுதாக எவ்வளவு கனக்குமோ அதைவிட அதிகம் கனக்கும். ஐந்நூறு ஒன்றே குறி என்றால், இதுவும் இலட்சிய வாகனம்தான்.

நார்வே தேசத்தை இங்கே குறிப்பிடாமல் இருப்பதற்கில்லை. பேட்டரிக்குக் குளிர் பகை. காரின் உட்புறத்தைச் சூடாக்க ஆகும் சக்தி, நம் ஏசிக்கு ஆவதைவிட அதிகம். அந்நாட்டு மோட்டார் சங்கம் வருஷந்தோறும் குளிர்காலத்தில் புதுக் கார்களை வரிசையாக ஓட்டிப் பார்த்து, அச்சிட்ட எண்ணில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று ஒளிவுமறைவின்றி வெளியிடுகிறது. முப்பது சதவீதத்துக்கு மேல் குறைந்த வண்டிகளும் உண்டு. ஆயினும் 2024-இல் அங்கே விற்ற புதுக் கார்களில் 88.9 சதவீதம் முழு மின்சாரக் கார்கள். வரிச் சலுகைதான் காரணம் என்பார்கள். வாங்கத் தூண்டியது வரிச் சலுகை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், வழியில் நின்றுபோகும் வண்டியை வரி குறைவு என்பதற்காக ஒரு தேசம் முழுவதும் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்காது. தூரம் குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கே நிறுத்தினாலும் சார்ஜர் இருக்கும், அது வேலை செய்யும் என்றும் தெரியும்.

இங்கேதான் நம்மவருடைய அச்சத்துக்கு மெய்யான வேர் இருக்கிறது. அந்த அச்சத்தை நான் பரிகசிக்கமாட்டேன். நெடுஞ்சாலை பங்க் ஒன்றில், காற்றுப் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கூரையற்ற வெட்டவெளியில், ஒரு சார்ஜர் நிற்கிறது. பன்னிரண்டு சதவீதத்தோடு வந்து சேர்ந்தவர் கனத்த கேபிளை இழுத்துச் செருகி, கைபேசியில் அதற்கென்று ஒரு செயலியை இறக்கி, அதில் முன்பணம் போட்டு, வெயிலில் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால், ‘இணைப்பு இல்லை’ என்கிறது இயந்திரம். “நேத்துலேர்ந்தே ஓடல சார். கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கோம். அடுத்த பங்க்ல பாருங்க” என்கிறார் பங்க் பையன். அடுத்தது முப்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே ஏற்கெனவே இரண்டு டாக்ஸிகள் வரிசையில் நிற்கின்றன. இந்த அனுபவம் ஒரே ஒரு முறை நேர்ந்தாலும் போதும், மனிதர் ஆயுள் முழுதும் பெரிய பேட்டரிக்குப் பக்தராகிவிடுவார். ஆனால் அவருக்குக் குறைந்தது தூரமா? பெட்ரோல் கார் ஓட்டுபவர் டாங்கில் கால்வாசி இருக்கும்போதும் கவலையின்றிப் போவது, டாங்க் பெரிது என்பதாலன்று. நாடு முழுதும் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட பங்க்குகள் இருக்கின்றன, அவற்றுள் எதில் நுழைந்தாலும் குழாயில் எண்ணெய் வரும் என்ற நிச்சயத்தால். பொதுச் சார்ஜிங் நிலையங்கள் 2024 முடிவில் இருபத்தையாயிரத்தைத் தொட்டிருந்தன. அவற்றிலும் மெதுவாக ஏற்றுபவை பல, இருசக்கர வண்டிகளுக்கு மட்டும் உதவுபவை பல.

இந்தக் குறையைத் தனிமனிதர் தம் பணத்தில் பெரிய பேட்டரி வாங்கி ஈடுசெய்துகொள்ளவேண்டும் என்பதுதான் ஐந்நூறு கிலோமீட்டர் வாதத்தின் உள்ளர்த்தம். பொறுப்புள்ளவர்களை அது எவ்வளவு சௌகரியமாகத் தப்பவிடுகிறது என்று பாருங்கள். சார்ஜர் நிறுவியவர் பழுது பார்க்கவேண்டாம். மானியம் கொடுத்தவர் கணக்குக் கேட்கவேண்டாம். கார் விற்றவருக்கோ விலையுயர்ந்த மாடல் விற்கிறது. குடிநீர்க் குழாயில் தண்ணீர் வராததற்கு ஆளுக்கொரு ஆழ்குழாய்க் கிணறு தோண்டிக்கொண்டு, அதைச் சாமர்த்தியம் என்று பெருமை பேசிக்கொள்ளும் பழக்கம் நமக்குப் புதிதன்று.

எதிர்க்கட்சியில் இருவருடைய வழக்கை மட்டும் நான் மரியாதையோடு தனியே வைக்கிறேன். ஒருவர், நாளொன்றுக்கு இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பிழைக்கும் டாக்ஸிக்காரர். சார்ஜரில் நிற்கும் ஒவ்வொரு மணியும் அவருக்குச் சவாரி நஷ்டம். அவர் பெரிய பேட்டரி கேட்டால் அது தொழிற்கருவி, ஆடம்பரமன்று. மற்றவர், அபார்ட்மென்ட்வாசி. அவருடைய பார்க்கிங்கில் பிளக் இல்லை, வைக்கலாமா என்று கேட்டால் அசோசியேஷன் கூட்டத்தில், “பொது மீட்டர்லேர்ந்து எடுத்தா யார் சார் கட்டறது? தீப்பிடிச்சா யார் பொறுப்பு?” என்று இரண்டு மணி நேரம் விவாதித்து, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவை வெளியே போய் ஏற்றிக்கொண்டால் போதும் என்ற நிலைமை அவருக்கு வேண்டியிருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பெரிய பேட்டரி உபகாரம் செய்யும் என்பதை மறுக்கமுடியாது. ஆனால் புதுக் கட்டடங்களில் ஐந்தில் ஒரு பங்கு வாகன இடத்துக்காவது சார்ஜ் வசதி வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் 2019-லேயே திருத்தப்பட்டாயிற்று. அந்த விதியைப் பழைய கட்டடங்களுக்கும் கொண்டுவந்து, தனி மீட்டர் இணைப்பைத் தடுக்கும் அதிகாரம் சங்கங்களுக்கு இல்லை என்று திட்டவட்டமாக்கினால், இவருடைய வழக்கு ஒரே நாளில் தீரும். பேட்டரியில் இன்னும் இருபது யூனிட்டைக் கூட்டினால் வழக்கு தீராது, வாரம் பத்து நாளாக நீளும், அவ்வளவே.

பேட்டரி நாள்பட நாள்படத் தேயுமே, அதற்காகவேனும் முதலிலேயே பெரிதாக வாங்கவேண்டாமா என்பார் சிலர். எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது இன்று பேட்டரிக்குப் பரவலாகக் கிடைக்கும் உத்தரவாதம். தேய்ந்த பிறகும் நாள் ஒன்றுக்கு முப்பத்துமூன்று கிலோமீட்டருக்கு அது போதாமல் போகாது என்பதற்குமேல் இதற்கு விஸ்தாரமான பதில் தேவையில்லை.

காத்திருப்பதே விவேகம் என்பவர்களிடம் கேட்கவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. திட மின்பகுபொருள் பேட்டரி வரப்போகிறது, ஆயிரம் கிலோமீட்டர் ஓடப்போகிறது என்கிறார்கள், வரட்டும். அது வந்த பிறகும், அதிலே நூற்றைம்பது யூனிட் கொள்ளுமானால், அதை வழியில் நிரப்ப இன்றிருக்கும் 60 கிலோவாட் சார்ஜருக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வீட்டுப் பதினைந்து ஆம்பியர் பிளக்குக்கு இரண்டு நாள். அந்த அதிசய பேட்டரியைச் சுமந்த கார்களும் அதே உளுந்தூர்பேட்டைக்கு வந்து, அதே இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்கவேண்டியவைதாம். மத்திய அரசு 2024-இல் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொதுச் சார்ஜர்களுக்கென்று 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பணத்தில் நடப்படும் ஒவ்வொரு சார்ஜரும் மாதத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மணி நேரம் பழுதாய்க் கிடந்தது என்று அதன் முகத்திலேயே எழுதிவைக்கவேண்டும், ஓடாத சார்ஜருக்கு மானியத்தின் அடுத்த தவணை கிடையாது என்று எவரேனும் சட்டசபையிலோ பாராளுமன்றத்திலோ கேட்பார்களானால், பேட்டரியின் அளவைப் பற்றி அவர்களோடு மேற்கொண்டு விவாதிக்க நான் சித்தமாக இருக்கிறேன்.